எல்லா லாகினிலும் இசட் டிரைவ் தானாக வர என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐந்து பேர் மாறி மாறி வேலை பார்க்கிறோம். ஆளுக்கொரு லாகின் உண்டு. சர்வரில் உள்ள ஷேர்டு ஃபோல்டரை அட்மின் லாகினில் இசட் டிரைவாக மேப் செய்தேன். மற்றவர்கள் லாகின் செய்தால் அந்த டிரைவே தெரிவதில்லை. எல்லோருக்கும் தானாக வர வழி உண்டா?

பதில்: உண்டு. மேப் செய்த டிரைவ் சி டிரைவ் போலப் பொதுவானது அல்ல, லாகின் செய்தவருக்கு மட்டுமே உரியது. மேப் செய்யும்போது ‘அடுத்த முறையும் இணை’ என்று டிக் போட்டாலும், விண்டோஸ் அதை ரெஜிஸ்ட்ரி எனும் தன் அமைப்புப் பதிவேட்டில், உங்கள் கணக்குக்கான பகுதியில்தான் குறித்து வைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் லாகினில் இருந்தால், ஒருவருடைய இசட் ஒரு ஃபோல்டரையும் இன்னொருவருடைய இசட் வேறொன்றையும் காட்டலாம். இரண்டும் மோதிக்கொள்ளாது.

அதனால் அட்மின் ஒருமுறை மேப் செய்து எல்லோருக்கும் கொடுப்பது நடக்காது. ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது, அவரவர் பெயரிலேயே இணைப்பு உருவாக வேண்டும். அதற்கு எளிய இடம் பொது ஸ்டார்ட்அப் ஃபோல்டர். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘ஷெல்:காமன் ஸ்டார்ட்அப்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது திறக்கும். அதில் ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய .bat ஃபைல், வையுங்கள். யார் லாகின் செய்தாலும் அது அவருடைய கணக்கில் ஓடும்.

அந்த ஃபைலில் இரண்டு வரி போதும். முதல் வரி, பழைய இசட் இருந்தால் நீக்குவது. இரண்டாவது வரியில் நெட் யூஸ், இசட் கோலன், அப்புறம் இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஃபோல்டர் பெயர், கடைசியில் ஒரு முன்சாய்கோடு போட்டு ‘பெர்சிஸ்டன்ட்:நோ’ (/persistent:no). கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். தினமும் புதிதாக இணைக்கப் போகிறோம்; பழைய நினைவு ஒன்று கூடவே இருந்தால் தொல்லைதான்.

பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதவே எழுதாதீர்கள். கம்ப்யூட்டரில் கணக்குள்ள எவரும் அதைத் திறந்து படிக்கலாம். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பொதுப் பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு நாள் வரவு செலவுக் கணக்கு ஃபைல் ஒன்று காணாமல் போனது. சர்வர் பதிவில் இருந்தது அந்தப் பொதுப் பெயர் மட்டுமே. யார் அழித்தார் என்று கடைசிவரை தெரியவில்லை, சந்தேகம் மட்டும் எல்லோர் மேலும் விழுந்தது.

சர்வரிலும் ஐந்து பேருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். கம்ப்யூட்டரில் உள்ள அதே பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயும் இருந்தால், பெரும்பாலும் கேள்வி கேட்காமலே இணைந்துவிடும். வேறாக இருந்தால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை ஃபோல்டரைத் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்லி டிக் போட வேண்டும். ஓரிடத்தில் சர்வரின் பெயரையும் இன்னோர் இடத்தில் ஐபி எண்ணையும் கொடுக்காதீர்கள். விண்டோஸ் அவற்றை இரண்டு சர்வராகவே நினைக்கும்.

1219 என்ற பிழை எண் வந்தால், ஒரே சர்வருக்கு ஒரே லாகினில் இரண்டு பெயர்களில் நுழையப் பார்க்கிறீர்கள் என்று பொருள். பழைய இணைப்பைத் துண்டித்தால் சரியாகிவிடும். இணைப்பே உருவாகவில்லை என்றால், நெட்வொர்க் தயாராகும் முன்பே ஃபைல் ஓடியிருக்கலாம். வைஃபையில் இது அடிக்கடி நடக்கும். சர்வர் பதில் சொல்லும்வரை ஐந்து நொடிக்கு ஒருமுறை பிங் செய்து (சர்வர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து) காத்திருக்கும்படி நாலு வரி சேர்த்தால் போதும்.

உங்களிடம் டொமைன், அதாவது எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு, இருந்தால் பேட்ச் ஃபைலே வேண்டாம். அதன் பொது அமைப்புகளை வைக்கும் குரூப் பாலிசியில் டிரைவ் மேப்ஸ் பகுதி இருக்கிறது. எந்தக் குழுவுக்கு எந்த டிரைவ் என்று அங்கேயே பிரிக்கலாம். ‘ரீபிளேஸ்’ வேண்டாம், ‘அப்டேட்’ தேர்ந்தெடுங்கள். முன்னது டிரைவைத் துண்டித்து மறுபடி இணைக்கும், திறந்திருக்கும் ஃபைல் பாதிக்கப்படலாம். அதில் பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2014-இல் நிறுத்திவிட்டது, எளிதில் உடைக்க முடிந்ததால்.

லினக்ஸ் கம்ப்யூட்டரும் இருந்தால் எஃப்எஸ்டேப் ஃபைலில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்த டிரைவ்களை இணைப்பது என்ற பட்டியல்) ஒரே பாஸ்வேர்டு வைத்து இணைக்கும் பழக்கத்தை விடுங்கள். பேம் மவுண்ட் என்ற நிரல், லாகினில் அடிக்கும் பாஸ்வேர்டையே எடுத்து அவரவர் பெயரில் இணைக்கும், வெளியேறும்போது துண்டித்துவிடும். பாஸ்வேர்டு கேட்காத ஆட்டோ லாகினில் மட்டும் இது வேலை செய்யாது.

இவ்வளவும் செய்த பிறகு, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறக்கும் மென்பொருளில் மட்டும் இசட் தெரியாமல் போகலாம். அதை விண்டோஸ் தனி லாகினாகவே நடத்துகிறது. அந்த மென்பொருளில் இசட் என்று கொடுக்காமல், சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.