பூட் அணிந்தால் இடுப்பு ஏன் வலிக்கிறது?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். வயது 48, எடை 70 கிலோ. வலது கணுக்கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஏழு வாரங்கள் ஆகின்றன. வாக்கிங் பூட் (முறிந்த கணுக்காலை அசையாமல் தாங்கும் கெட்டியான மருத்துவக் காலணி) அணிந்து, ஊன்றுகோல்களுடன் பாதி எடை மட்டும் வைத்து நடக்கச் சொன்னார்கள். காலைவிட இடுப்புதான் வலிக்கிறது. பூட்டைக் கழற்றிவிட்டு நடக்கலாமா? லோக்கல் ரயிலில் எப்போது வேலைக்குப் போகலாம்?

மருத்துவர் பதில்: இப்போதைக்குக் கழற்றிவிட்டு நடக்க வேண்டாம். பூட்டின் அடிப்பாகம் தடிமனானது என்பதால், இடது காலில் ரப்பர் செருப்போ வெறுங்காலோ இருந்தால் ஒரு கால் உயர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு சாய்கிறது. உங்கள் வலிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இடது காலுக்கு, வீட்டுக்குள்ளும்கூட, ஏறக்குறைய அதே உயரமுள்ள கெட்டியான ஷூ அணியுங்கள்.

'பாதி எடை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமே தவிர, அது எவ்வளவு என்று நாங்கள் காட்டிக்கொடுப்பது குறைவு. எடை பார்க்கும் கருவியின் மேல் பூட் காலையும், அதே உயரமுள்ள பலகையின் மேல் இடது காலையும் வைத்து, ஊன்றுகோல்களைப் பிடித்தபடி முள் 35 கிலோவைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடும். படி ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள்; இறங்கும்போது ஊன்றுகோலும் பூட் காலும் முதலில் இறங்க வேண்டும்.

பூட்டுக்குள் நீளமான பருத்திக் காலுறை அணிந்து, குதிகாலைப் பின்னால் நன்றாக ஒட்டவைத்த பிறகே பட்டைகளை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள். மழையில் உள்ளுறை நனைந்தால் காயவைக்காமல் அணியக் கூடாது. நீரிழிவு இருந்தால் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மாலையில் கணுக்கால் வீங்குவது சில மாதங்களுக்கு இருக்கும். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

லோக்கலைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதைப் பார்த்து உங்கள் அறுவை மருத்துவர் முழு எடை வைக்க அனுமதித்து, பூட் இல்லாமல் மாடிப்படியைத் தடுமாறாமல் ஏறி இறங்கும் வரை, நடைமேடைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை நெரிசலில் தாண்ட வேண்டாம். அதுவரை டாக்ஸியில் போய் வாருங்கள். வலது காலில் பூட் இருக்கும்போது காரை நீங்களே ஓட்டவும் கூடாது.