கூரை ஷீட் வேலை: பெல்ட் போட்டால் போதுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடுத்த வாரம் துவாஸ் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையில் கூரை ஷீட் மாற்றும் வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். "பெல்ட் போட்டுக்கொள், போல்ட் வரிசை மேலேயே நட, ஒன்றும் ஆகாது" என்று கூட இருக்கும் சீனியர் ஒருவர் சொல்கிறார், கயிறும் ஹூக்கும் உள்ள பாதுகாப்பு பெல்ட்டைத்தான். அது சரியா, மேலே ஏறும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், ஏற மாட்டேன் என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

போல்ட் வரிசை மேல் நடப்பது சரியில்லை. அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்றால், போல்ட் இருக்கும் இடத்தில் ஷீட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் பர்லின் என்ற குறுக்குக் கம்பி ஓடும், அதனால் பாரம் தாங்கும் என்ற கணக்கு. கணக்கில் தப்பில்லை, ஆனால் அந்தக் கம்பியின் அகலம் உங்கள் கால் பாதத்தின் அகலம்கூட வராது. கையில் டிரில் மெஷினோ, ஷீட்டின் ஒரு முனையோ பிடித்துக்கொண்டு, கண்ணில் வியர்வை வழிய, அந்த ஒரு கோட்டின் மேலேயே நாள் முழுக்க ஒருவரால் நடக்க முடியாது. ஒரு அடி தவறினால் கால் விழுவது ஷீட்டின் நடுவில். அங்கே அடியில் ஒன்றுமே கிடையாது.

நான் 2010-இல் இங்கே வந்தேன். இரண்டாவது வருடம், ஜூரோங்கில் ஒரு கிடங்கு. கூரை முழுவதும் ஒரே சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த ஸ்கைலைட் ஷீட்டுக்கும் சேர்த்து. மேலிருந்து பார்த்தால் எது தகரம் எது ஸ்கைலைட் என்று தெரியவே தெரியாது. என்னோடு ஒரே அறையில் இருந்த புதுக்கோட்டைக்கார அண்ணன் புது ஷீட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நான்கு அடி வைத்தார், ஐந்தாவது அடியில் ஆள் இல்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பெல்ட் போட்டிருந்தார் தம்பி, அதைத்தான் சொல்ல வந்தேன். பெல்ட்டின் ஹூக்கை மாட்டும் லைஃப்லைன் கயிறு அந்த மூலை வரை வரவில்லை என்பதால் ஹூக்கை எடுத்து இடுப்பில் மாட்டியிருந்தார். சுமார் ஏழு மீட்டர். கீழே அடுக்கியிருந்த மரப் பலகைகள் மேல் விழுந்ததால் உயிர் இருந்தது, இடுப்பு எலும்பு முறிந்து ஊருக்குப் போனவர் அதற்குப் பிறகு இந்த வேலைக்கு வரவில்லை. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை, அன்றைக்கு அப்படி வேலை வாங்கிய இடங்கள் பல.

அதனால் மேலே ஏறும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தக் கூரையில் எந்தெந்த ஷீட் ஆள் பாரம் தாங்காது?" என்பதுதான். பெல்ட் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு. ஓரத்திலிருந்து விழுவதைப் பற்றி எல்லோருக்கும் பயம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் ஓரத்துக்குப் போய் அலட்சியமாக நிற்பதில்லை. காலுக்கு அடியிலேயே தரை போல ஒன்று தெரியும்போது அந்தப் பயம் வராது, அங்கேதான் ஆள் போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட் எதுவானாலும் உடையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக இருந்தாலும் சரி. கண்ணாடி இழையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த ஸ்கைலைட் ஷீட் வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். தகரம் மட்டும் நம்பலாமா என்றால், துருப்பிடித்த தகரத்தை நம்பக் கூடாது. மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும், அடியில் அமில ஆவி பட்டு அரித்துப்போயிருக்கும். அதனால் கூரையை முதலில் உள்ளே கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கெங்கே வருகிறது, துரு எங்கே இருக்கிறது, தண்ணீர் ஒழுகிய தடம் எங்கே இருக்கிறது என்று கீழிருந்து தெரிவதில் பாதிகூட மேலிருந்து தெரியாது. நான் இன்றைக்கும் எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் இதைத்தான் செய்கிறேன்.

இன்னொன்று, புது ஷீட் போடும்போது வருவது. முழுவதும் போல்ட் அடிக்காத ஷீட் மேல் கால் வைக்காதீர்கள். இரண்டு போல்ட் மட்டும் போட்டு நிறுத்தியிருக்கும் ஷீட் நல்ல கனமான தகரமாகவே இருந்தாலும் ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழும்பும், ஆளையும் சேர்த்து இறக்கிவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி மறுபடி ஏறும்போது எது முடிந்தது எது முடியவில்லை என்று மறந்துபோகும் என்பதால், அரைகுறையாக விட்ட இடத்தில் ரிப்பன் கட்டச் சொல்லுங்கள்.

இனி விதிகள். இங்கே உயர வேலைக்கென்று தனி விதிகள் 2013-ஆம் ஆண்டு வந்தன. உடையக்கூடிய பரப்பின் மேல் ஆளை ஏற்றுவதே கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேறு வழியில் செய்ய முடிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். உதாரணமாக உள்ளேயிருந்து ஆளை மேலே தூக்கும் சிசர் லிஃப்ட் வைத்து, அல்லது ஸ்கேஃபோல்ட் (சாரம்) கட்டி, ஸ்கைலைட்டை அடியிலிருந்தே கழற்ற முடியும், நாங்கள் பல இடங்களில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கீழே தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது, இடம் தர மாட்டார்கள், மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பாரத்தைத் தாங்கும் பலகையோ மேடையோ, ஸ்கைலைட்டுக்கு உறுதியான மூடியோ கொடுக்க வேண்டும். அந்த இடத்தை நெருங்கும்போதே எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் (எழுத்து மூல அனுமதி) தொடங்கவே கூடாது. தொழிற்சாலைக் கூரை எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

அந்த பெர்மிட்டை அலுவலகத்தில் இருக்கும் ஏதோ காகிதம் என்று விட்டுவிடாதீர்கள். சூப்பர்வைசர் கேட்டு, இன்னொருவர் நேரில் வந்து சோதித்து, மேலாளர் கையெழுத்துப் போட்டு, வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டிய தாள் அது. போய்ப் பாருங்கள். தேதி இன்றைக்குப் பொருந்துகிறதா, எழுதியிருக்கும் இடம் நீங்கள் ஏறப்போகும் இடம்தானா என்று. ஏ கட்டடத்துக்கு வாங்கிய பெர்மிட்டில் பி கட்டடத்தில் ஆள் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன், நிறுத்தியும் இருக்கிறேன்.

பலகை விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் கம்பெனிகள் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். ஒரே ஒரு பலகை கொடுத்தால் அது பலகை கொடுத்த மாதிரியே இல்லை. நீங்கள் நிற்கும் பலகையை நகர்த்த வேண்டுமானால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? ஷீட் மேல்தான். குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்றில் நின்று மற்றதை நகர்த்த. பலகை பர்லின்களுக்குக் குறுக்கே, இரண்டு முனையும் கம்பியைத் தாண்டி நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும், சரிவான கூரையில் வழுக்காமல் கட்டியிருக்க வேண்டும். ஸ்கைலைட்டை மூடும் பலகையும் காற்றில் பறக்காமல், யாரும் தெரியாமல் தூக்கிவிடாமல் ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும், மேலே பெரிதாக எழுதியிருக்கவும் வேண்டும். வெறும் பிளைவுட்டைத் தூக்கி மேலே வைத்திருந்தால், அடியில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஒருவர் அதை எடுத்துக்கொண்டே நடந்து உள்ளே போய்விடுவார்.

பெல்ட் கட்டாயம் வேண்டும், ஆனால் அது கடைசியில் கைகொடுக்க வேண்டியது. அதை நம்பி உடையும் ஷீட்டில் நடக்கக் கூடாது. ஹூக் எதில் மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஸ்பிரிங்க்லர் பைப், கேபிள் ட்ரே, ஷீட்டின் போல்ட், இதெல்லாம் ஆள் விழும் இழுப்பைத் தாங்காது. கம்பெனி சொன்ன லைஃப்லைனில் அல்லது ஹூக் மாட்டவென்றே பொருத்திய ஆங்கரில் மட்டும் மாட்டுங்கள், நகரும் வழி முழுவதும் ஒரு ஹூக்காவது மாட்டியே இருக்க வேண்டும், அதற்குத்தான் இரட்டை ஹூக். உயரத்தையும் கணக்குப் போடுங்கள். பெல்ட்டின் கயிறு சுமார் 2 மீட்டர், விழும்போது அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும், அதற்குக் கீழே உங்கள் உடம்பு, அப்புறம் கொஞ்சம் இடைவெளி. எல்லாம் சேர்த்தால் 6 மீட்டர் வந்துவிடும். கூரை 5 மீட்டர்தான் என்றால், காலடியில் மாட்டிய அந்தக் கயிறு உங்களைப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் ஷீட்டுக்கு அடியில் வலை கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். விழுந்து தொங்கினால் யார் எப்படி இறக்குவார்கள் என்பதையும் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேளுங்கள். தொங்கும் ஆளுக்குக் காலில் ரத்தம் தேங்கும், நிமிடக் கணக்கில் ஆபத்து, ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

பழைய கட்டடம் என்றீர்கள். ஷீட் சாம்பல் நிறத்தில், கனமாக, உடைந்த இடத்தில் நார் தெரிகிற மாதிரி இருந்தால் தொடாமல் நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தகுதியுள்ளவர் சோதித்திருக்க வேண்டும், இருந்தால் அனுமதி பெற்ற நிறுவனம் மட்டும்தான் அகற்ற முடியும். அந்தத் தூசி இன்றைக்கு ஒன்றும் செய்யாது, இருபது முப்பது வருடம் கழித்து நுரையீரலில் காட்டும்.

மழை, வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மதியத்துக்கு மேல் இடி மழை சட்டென்று வரும். வானம் இருட்டினாலே இறங்கிவிடுங்கள், நனைந்த ஷீட்டில் இறங்குவது ஏறுவதைவிட மோசம். நீங்கள் புதுசு, உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக குறைந்தது ஒரு வாரம் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். தலைசுற்றும் ஆள் கூரையில் இருக்கக் கூடாது. 2023 கடைசியிலிருந்து, வெயிலும் காற்றின் ஈரப்பதமும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு (WBGT) 32 டிகிரியைத் தொட்டால் கனமான வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மணிக்கு 10 நிமிடம், 33 ஆனால் 15 நிமிடம் நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் கழுத்தில் இருக்கும்போது "ஏற மாட்டேன்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அந்த அண்ணன் விழுந்த மறுநாள் காலையில் நானும் வாயைத் திறக்காமல்தான் ஏறினேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பாதுகாப்புக் குறையை மனிதவள அமைச்சிடம் சொன்னதற்காக உங்களை வேலையைவிட்டு நீக்க முடியாது, மிரட்டவும் முடியாது. உயிருக்கு ஆபத்து வரும் விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் 2024 ஜூனில் 20,000 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக ஏறியிருப்பதால் கம்பெனிக்கும் பயம் உண்டு. மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் என்ற இணையப் புகார் சேவை மூலம் போட்டோ எடுத்து அனுப்பலாம், சொன்னவர் யார் என்பது வெளியே போகாது. தமிழில் பேச வேண்டுமானால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692, போனில் சேமித்து வையுங்கள்.

அடிபட்டால் அன்றே சொல்லுங்கள், சின்ன அடியாக இருந்தாலும். "ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேலை நேரத்தில் வேலையால் பட்ட அடிக்குத் தவறு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு உண்டு, மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் முதலாளியுடையது, ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். டாக்டரின் தாளில் வேறு காரணம் எழுதிவிட்டால் அதை மாற்ற நீங்கள் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

முறைப்புக் காட்டிச் சண்டை போட வேண்டாம். சூப்பர்வைசரிடம் நேராக, எல்லோர் முன்னாலும் இல்லாமல், ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள்: "பாஸ், ஸ்கைலைட் நோ கவர், கேனாட் வாக். கிவ் மீ டூ போர்டு, ஐ டூ." வேலை செய்ய மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை, பலகை கேட்கிறீர்கள், பெரும்பாலானவர்கள் அதற்கு இறங்கி வருவார்கள். வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். போகும் முன் அந்தக் கூரையை உள்ளேயிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், எங்கே கால் வைக்கக் கூடாது என்று நானே வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.