ஒரே மாவட்டம், ஆனால் பள்ளிக்குப் பள்ளி ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரே பள்ளி மாவட்டத்துக்குள், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளுக்குள், மதிப்பெண் ஏன் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க்கில் புரூக்ளினின் 15-ஆம் மாவட்டத்தைப் பாருங்கள். வசதியான பார்க் ஸ்லோப்பும், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகள் நிறைந்த ரெட் ஹுக்கும் அதற்குள்தான் வருகின்றன. அங்கே நடுநிலைப் பள்ளிகள் பலவும் முன்பு மதிப்பெண், வருகைப்பதிவு எல்லாம் பார்த்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தன. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை அடிக்கடி லீவு போடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும்: ஆஸ்துமா, வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது. அதற்காகப் பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம். அப்படிப் பொறுக்கியெடுத்த பள்ளியின் சராசரி உயர்ந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

2019 சேர்க்கையிலிருந்து குலுக்கல் முறை வந்தது. 52% இடங்களில் ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவருபவர்கள், வீடற்றவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. வகுப்பறைகள் கலந்தன. ஆனால் பெற்றோர் சங்கங்கள் திரட்டும் நன்கொடையில் பள்ளிக்குப் பள்ளி உள்ள ஏற்றத்தாழ்வைக் குலுக்கல் நேரடியாகத் தொடவில்லை.