கேட் (CAT, ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) கேள்வி பதில்: தமிழ்நாடு-கேரள எல்லையோரப் பிள்ளைகளுக்கு

கொழிஞ்சாம்பாறை: தமிழ் மீடியம், பி.காம். இங்கிலீஷ் பகுதியை எப்படிச் சமாளிக்கிறது அக்கா?

வினாத்தாள் முழுக்க இங்கிலீஷ்தான், பழகியே ஆகணும். 2024இல் அந்தப் பகுதிக்கு 24 கேள்வி, 40 நிமிஷம். அதில் 16 நாலு பத்திகளிலிருந்து. வார்த்தைப் பட்டியல் மனப்பாடத்தை இன்னைக்கே நிறுத்துங்க. தினம் ரெண்டு கட்டுரை, அதில் ஒண்ணு உங்களுக்குப் பிடிக்காத துறையில: தத்துவம், மானுடவியல், எதுவானாலும். முடிச்சதும் ஆசிரியர் எதை மறுக்கிறார்னு ஒரே வரியில் தமிழிலேயே எழுதுங்க. எழுத வரலைன்னா புரியலை. தப்பான விடைகள் பெரும்பாலும் பத்தியில் இருக்கிற சொல்லையே எடுத்து, ‘எப்போதும்’, ‘மட்டுமே’னு நீட்டியிருக்கும்.

வேலந்தாவளம்: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பா அடிக்கலாமா?

சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. நாலில் ஒண்ணைக் கண்ணை மூடி அடிச்சா சராசரி பூஜ்யம். ஒரு விடையை உறுதியா நீக்கினா கேள்விக்கு மூணில் ஒரு மார்க் லாபம், ரெண்டை நீக்கினா ஒரு மார்க். விடையை டைப் பண்ற கேள்விக்கு மைனஸே இல்லை, காலியா விடாதீங்க.

மீனாட்சிபுரம்: பூஜ்யம்னா மிச்சம் பத்தையும் அடிச்சா நஷ்டமில்லையே?

சராசரிக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. பத்தில் ரெண்டோ அதுக்குக் கீழேயோ சரியானா மார்க் குறையும், அந்த வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்.

வேலந்தாவளம்: மறுபாதி லாபம்தானேக்கா!

ஆமா, அதனால்தான் நிலைமையைப் பார்க்கணும். அந்தப் பகுதியின் கட் ஆஃப் (கல்லூரி கேட்கிற குறைந்தபட்ச அளவு) எட்டாதுன்னு தெரிஞ்சா அடிங்க, இழக்க ஒண்ணுமில்லை. தாண்டிட்டோம்னு தோணினா கையைக் கட்டிக்கங்க.

கோவிந்தாபுரம்: கேரள முகவரி இருந்தா கோழிக்கோடு ஐஐஎம்மில் முன்னுரிமை உண்டா? எங்ககிட்ட எம்பிசி சான்றிதழும் இருக்கு.

மாநில ஒதுக்கீடே கிடையாது. எம்பிசி தமிழ்நாட்டுப் பிரிவு, இங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம்னு காட்டுற) சான்றிதழ் வேணும். மத்தியப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேற. தமிழ்நாட்டுக்கான பட்டியலில் இருக்கிற சாதி கேரளாவுக்கானதில் இல்லாம போகலாம். சான்றிதழ் எந்த மாநிலமோ அந்தப் பட்டியலில் பேரைத் தேடிட்டு, அப்புறம் விண்ணப்பத்தில் டிக் பண்ணுங்க. எல்லையில் இருக்கிறவங்க வழுக்குற இடம் இதுதான்.

பொள்ளாச்சி: எத்தனை மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதணும்?

எண்ணிக்கையை விடுங்க. எழுத ரெண்டு மணி நேரம்னா அலசக் குறைஞ்சது மூணு. அலசாம அடுத்ததைத் திறக்காதீங்க. லாஜிக் பகுதியில் முதல் அஞ்சு நிமிஷம் எல்லா செட்டையும் (ஒரே தகவலை வச்சு வர்ற கேள்வித் தொகுப்பு) படிச்சு வரிசை போட்டீங்களா, பத்து நிமிஷம் தாண்டியும் நகராத செட்டை விட்டீங்களான்னு பாருங்க.

சித்தூர்: கேரளாவின் கேமேட் (KMAT, எம்பிஏ நுழைவுத் தேர்வு) தேர்வுக்கும் இதே படிப்பு போதுமா?

அது வேற தாள். நுழைவுத் தேர்வு கமிஷனரின் தளத்தில் பாடத்திட்டம் பாருங்க.

வடகரப்பதி: தெரியாததுக்கு அடிக்கலாமா அக்கா?

மேலே வேலந்தாவளமும் மீனாட்சிபுரமும் கேட்டாச்சு. அங்கே சொன்ன பதில்களைச் சேர்த்துப் படிங்க.

எலப்புள்ளி: 90 பெர்சன்டைல்னா நூத்துக்குத் தொண்ணூறு மார்க்கா?

இல்லை. எழுதினவங்களில் சுமார் 90 சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே.

வண்ணாமடை: குத்துமதிப்பா...

மேலே.