பூச்சிகளைக் கணக்கிடும் படிப்புக்கு வேலை இருக்கிறதா?

கேள்வி: மகள் எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியல் கடைசி ஆண்டு. பிஎச்.டி.யில் பூச்சிப் பெருக்கத்தைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். நம்பி அனுப்பலாமா?

அனுப்பலாம் அம்மா. ஆனால் நிலையான வேலைக்குப் பல வருஷம் பொறுக்க வேண்டும்.

மக்காச்சோளப் படைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட பூச்சி. அதன் முட்டை எத்தனை நாளில் அந்துப்பூச்சி ஆகும் என்பதை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பம் சுமார் 12.5 டிகிரிக்கு மேல் எத்தனை டிகிரியோ, அது அன்றைய வரவு. இந்த வரவு நாளுக்கு நாள் கூடி ஏறத்தாழ 390 சேர்ந்தால் அடுத்த தலைமுறை தயார். சராசரி 27 டிகிரி என்றால் தினம் 14.5 வரவு, 27 நாள்; 32 என்றால் தினம் 19.5 வரவு, 20 நாள். எப்போது மருந்தடிப்பது, எப்போது சும்மா இருப்பது என்று சொல்ல இந்தக் கணக்கு வேண்டும். மழை, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் சேரும்போது கணக்கு சிக்கலாகும்.

அதற்குப் புள்ளியியலும் வகைக்கெழுச் சமன்பாடும் (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் கணக்கு) வேண்டும். புள்ளியியல் கணக்குப் போடும் ‘ஆர்’ மென்பொருள் இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். பிளஸ் டூவோடு கணக்கை விட்டவள் என்றால் முதல் ஒரு வருஷம் திணறுவாள், பயப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. கணினி வந்ததும் வயலை மறந்துவிடுகிறார்கள். நிக்கல்சன், பெய்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1935இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, பூச்சியும் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் ஏறி இறங்கிக் கடைசியில் அழிந்துபோக வேண்டும். வயலில் அப்படி நடப்பதில்லை. குளவிக்கு எட்டாத இடுக்கில் சில பூச்சிகள் எப்போதும் தப்பிக்கின்றன. வயலில் இறங்கியவருக்குத்தான் அந்த இடுக்கு தெரியும்.

பணத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாமல் வழிகாட்டிப் பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டப்பணத்தை மட்டும் நம்பிச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும்.

அப்புறம், பயிர்ப் பூச்சியோடு நிற்க வேண்டியதில்லை. பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது, புதுச்சேரியில் கொசு போன்ற நோய்க்கடத்திகளுக்கான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையம் இருக்கிறது. பூச்சி மாறினாலும் கற்ற கணக்கு கைகொடுக்கும்.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள். விளக்குப்பொறியில் விழுந்த பூச்சிகளின் பதிவு எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது, அதை மாணவருக்குத் தருவீர்களா என்று சேருவதற்கு முன்பே மகள் அவரிடம் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வழிகாட்டியைத் தேடலாம்.