அடுப்பில்லா உணவும் நான்காம் மாதமும்

கேள்வி: எனக்கு இது நான்காம் மாதம். முளைகட்டிய பயறு, பழம், தேங்காய், காய்ச்சாத பசும்பால் என்று இரண்டு வருடமாக இயற்கை உணவில் இருக்கிறேன். பிரசவம் வரை இதையே தொடரலாமா? - வாசகி, ஓசூர்

பதில்: அப்படியே தொடர வேண்டாம். பழமும் தேங்காயும் இருக்கட்டும். காய்ச்சாத பாலை இன்றே நிறுத்துங்கள். அதில் வரக்கூடிய லிஸ்டீரியா, புருசெல்லா கிருமிகளால் கருச்சிதைவே ஆகலாம். பொங்கக் காய்ச்சிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

அடுத்து, பலரும் சந்தேகப்படாத முளைப்பயறு. கிருமி விதைத்தோலின் வெடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் எத்தனை முறை அலசினாலும் போகாது. ஈரத்துணியின் வெதுவெதுப்பில் பயறு முளைக்கும்போது அதுவும் பெருகும். முளைவிட்டதை இட்லித் தட்டில் பரப்பி, உள்ளே வரை வெந்து மெத்தென்று ஆகும்வரை, சுமார் 10 நிமிடம், ஆவியில் வையுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால், வேகும்போது குறைந்த வைட்டமின் சி ஈடாகும். பயறின் இரும்புச்சத்தும் நன்றாக உடலில் சேரும்.

வெள்ளரி, கேரட், மல்லித்தழையை மண் போக ஓடும் நீரில் கழுவி, அப்போதே நறுக்கிச் சாப்பிடுங்கள். மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி இருக்கலாம். நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஆபத்துதான், லிஸ்டீரியா குளிரிலும் வளரும். தள்ளுவண்டிப் பழத்துண்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

எவ்வளவு நல்ல உணவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை (இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்) விடாதீர்கள். தினம் ஒன்று, 180 நாள். டீ, காபியோடு வேண்டாம். மலம் கறுப்பது இயல்புதான். காய்கறி, பழங்களில் வைட்டமின் பி12 கிடையாது. அந்த அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால், பச்சைப்பால் குடித்துவந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.