விறகு பாய்லரும் கேஸ் பாய்லரும் ஒரே இணைப்பில்: சூடு மீறாமல் இருக்க

விறகு எரியும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

குளிர் பிரதேச வீடுகளில் விறகு பாய்லரும் கேஸ் பாய்லரும் ஒரே பைப் இணைப்பில் தண்ணீரைச் சூடாக்கும்; அதை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பம்ப் அனுப்பும். இந்த அமைப்பைப் பற்றி வரும் கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். கரண்ட் போனதும் கேஸ் பாய்லர் தானாக அணைந்துவிடும். விறகு அணையாது. பம்ப் நின்றுவிடும், பாய்லருக்குள் தேங்கிய தண்ணீர் மட்டும் சூடேறிக்கொண்டே போகும். கொதித்து ஆவியானால் ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும்.

அதனால் கரண்ட் இல்லாமலே சூடு வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாய்லரைவிட உயரத்தில் ஒரு ரேடியேட்டர், அதற்கு அகலமான, சீராக மேலேறும் பைப், நடுவில் மூடக்கூடிய வால்வு எதுவும் கூடாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆனால் "அந்த அறை ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது" என்று யாராவது பின்னால் அதில் ஒரு வால்வைப் போட்டு மூடிவிடுவார்கள். இன்றே போய்ப் பாருங்கள். சின்னத் தீயாக மூட்டி, பம்பை நிறுத்திவிட்டு, அந்த ரேடியேட்டரின் மேல்பக்கம் கையை வையுங்கள். சூடு ஏறவில்லை என்றால், சரி செய்யும்வரை அடுப்பை மூட்டாதீர்கள்.

விறகு எரியும் நாளில் கேஸ் பாய்லர் 'ஓவர்ஹீட்' காட்டி நின்றுவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. விறகு பாய்லரின் சுடுதண்ணீர் அதற்குள் புகுந்துவிடுகிறது. கேஸ் பாய்லர் பக்கம் ஒருவழி வால்வு வேண்டும். விறகுப் பக்கம் சூடாக இருக்கும்போது கேஸ் பற்றாதபடி பைப்பில் ஒரு தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பொறுத்துத் தானாக இயங்கும் ஸ்விட்ச்) வேண்டும். ஆனால் விறகு பாய்லரிலிருந்து மேலே போகும், ஆவி வெளியேறுவதற்கான திறந்த காற்றுக்குழாயில் எந்த வால்வும் கூடவே கூடாது.

பம்ப் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்?

சுமார் 60 டிகிரியில். அதற்கு முன்பே ஓடினால் பாய்லருக்குக் குளிர்ந்த தண்ணீர் திரும்பி வந்து, உள்சுவரிலும் புகைபோக்கியிலும் தார் படியும். அப்புறம், 90 டிகிரியை நெருங்கும்போது எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் திறந்துவிட இன்னொரு தெர்மோஸ்டாட் போடுங்கள். 95 டிகிரிவாக்கில் பாய்லருக்குள் உள்ள தனிச் சுருள் வழியே குழாய்த் தண்ணீரை விட்டுக் குளிர வைக்கும் பாதுகாப்பு வால்வும் உண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீரே மோட்டாரில் வருகிறது என்றால், கரண்ட் போகும் நேரத்தில் அது உதவாது.

கொதிக்கும் சத்தம் கேட்கிறது. தீயில் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். பாய்லருக்குள்ளும் குளிர்ந்த தண்ணீர் விடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அடுப்புக் கதவைத் திறக்காமல், காற்று வரும் வழியை முழுவதும் மூடுங்கள். ரேடியேட்டர்களை எல்லாம் திறந்துவிடுங்கள். பம்ப் ஓடினால் ஓடட்டும். டமால் டமால் என்று இடித்தாலோ ஆவி கிளம்பினாலோ, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.